எரு தின்ற காக்கட்டான்

கருவேலங்காட்டு நடுவில் ஒரு குட்டை. குட்டைக் கரையில் ஒற்றை உடைமரம். அதில் நவமணி என்ற புள்ளிப்புறாவும் அவள் புருஷன் தங்கையாவும் குடியிருந்தார்கள்.

புறாக்கள் கட்டும் கூட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. பத்துக் குச்சியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டுவிட்டு வீடு என்று சொல்லிக்கொள்வார்கள். கீழே நின்று பார்த்தால் முட்டை தெரியும். முட்டையைத் தாண்டி வானமும் தெரியும்.

போன சித்திரையில் நவமணி இரண்டு முட்டை இட்டாள். உடைமரத்து இலை நிழலுக்கு ஆகுமா? ஒரு நாள் உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வருவதற்குள் இரண்டும் வெந்துவிட்டன. அது தெரியாமல் மேலும் பத்து நாள் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே நினைப்புதான். அடுத்த முட்டைக்கு மேலே நிழல் வேண்டும்.

"வேறே மரம் பார்க்கலாமே?" என்றான் தங்கையா.

"மத்த மரத்துல எல்லாம் காக்கா குடியிருக்கு! முட்டையைக் கொண்டுபோய் அதுங்க வாயிலேயே வச்சிடலாமா?"

தங்கையா வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது நன்றாக வரும்.

குட்டைக் கரை வளையில் தவிட்டம்மா என்ற பெருச்சாளி இருந்தாள். எந்த விதை எப்படி முளைக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. மாசி முடியும்போது நவமணி அவளிடம் போனாள்.

"அக்கா, எனக்கு ஒரு கொடி வேணும். சீக்கிரம் ஏறணும், நல்லா நிழல் தரணும், பூவும் பூக்கணும்!"

"மூணும் வேணுமா? இரு!" தவிட்டம்மா வளைக்குள் போய் ஒரே ஒரு விதையோடு வந்தாள். கறுப்பாக, குட்டி ஆரஞ்சுச் சுளை மாதிரி இருந்தது. "இது காக்கட்டான். விடியும்போது நீலமாப் புனல் மாதிரி விரியும். உச்சி வெயிலுக்குள்ள சுருண்டுடும். மறுநாள் வேறே பூ."

"சங்குப்பூதானே அக்கா?"

"சங்குப்பூ வேறே, இது வேறே! பாதி தெரிஞ்சவளுக்குச் சொல்லித் தர்றதுக்குத் தெரியாதவளே மேல். பேசாமக் கேளு. தோல் கல்லு மாதிரி இருக்கும். ஓரத்துல லேசாச் சுரண்டணும். அதை நான் பல்லால செஞ்சு தர்றேன். ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போடு. உப்பினா நடு. உப்பாட்டி என்கிட்ட வா, வேறே தர்றேன்."

"எங்கே நடணும்?"

"குட்டைச் சேத்துல வைக்காதே. மரத்துக்குக் கிழக்கே சரளை மண்ணு இருக்குல்ல, அங்கே. உன் அலகு பாதி முழுகற ஆழம் போதும். மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி. எரு மட்டும் போட்டுடாதே! வயிறு நிறைஞ்சா இலையாத் தள்ளும், பூக்காது. கொஞ்சம் பசியிலேயே வை. கூட்டுக்கு ஒரு முழம் மேலே ஏறினதும் நுனியைக் கிள்ளிடு."

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு. அந்த நுனி எதையாவது தேடிக்கிட்டே இருக்கும். அதுக்கு நட்ட குச்சியும் ஒண்ணுதான், குந்தியிருக்கிற ஆளும் ஒண்ணுதான். அசையாம இருக்கிற எதையும் பிடிச்சுக்கும்."

நவமணி சிரித்தாள். "என்னக்கா, கொடியைப் போய்ப் பேய் மாதிரி சொல்றீங்க!"

தவிட்டம்மா விதையின் ஓரத்தைப் பல்லால் சுரண்டி அவள் அலகில் கொடுத்தாள்.

விதை உப்பியது. நட்டாள். ஐந்தாம் நாள் முளைத்தது. முதல் இலை இரண்டும் நடுவில் பிளந்து, பாம்பு நாக்கு போல நின்றன. பத்து நாளில் கொடி தலை தூக்கியது. பக்கத்தில் மரத்தில் சாய்த்து வைத்த குச்சியைத் தொட்டது. சுற்றிக்கொண்டு ஏறத் தொடங்கியது.

தங்கையா அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நவமணி, காலையில இந்த நுனி குட்டையைப் பார்த்துச்சு. இப்ப நம்மளைப் பார்க்குது!"

"காத்துல திரும்பியிருக்கும்."

"காத்தே இல்லையே!"

அவன் கொடியைக் குச்சியிலிருந்து பிரித்தான். எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டான். மறுநாள் விடியும்போது அது தன்னைத்தானே பிரித்துக்கொண்டு பழைய பக்கமாகவே சுற்றியிருந்தது. தங்கையா அதன் பிறகு அதைத் தொடவில்லை.

தவிட்டம்மா சொன்னபடி விட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கொடி ஒல்லியாக ஏறியிருக்கும். இலை உள்ளங்கை அளவு இருந்திருக்கும். பூத்திருக்கும். ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே!

ஓணான் ஒன்று வந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தது. "என்ன நவமணி, உன் கொடி நோஞ்சானா இருக்கு? சாப்பாடு போடறதில்லையா?"

"தவிட்டம்மாக்கா போடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"அவ சொல்லுவா! பட்டினி போட்டு எதையாவது வளர்ப்பாங்களா? நாளைக்குப் பிள்ளைங்களையும் இப்படித்தான் வளர்ப்பியோ?"

நவமணிக்கு அது நெஞ்சில் தைத்தது. போன வருஷத்து இரண்டு முட்டைகளும் கண் முன்னால் வந்தன. அன்று மாலையே தங்கையாவை விரட்டி முயல் புழுக்கை கொண்டுவரச் சொன்னாள். கொடியின் காலடியில் கொட்டினாள். இரண்டு நாளில் இலை கறுத்துப் பளபளத்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் குட்டையில் ஒரு வழக்கம் உண்டு. அடை உட்கார்ந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் வெறும் வாயோடு வர மாட்டார்கள். தானியமோ புழுவோ கொண்டுவருவார்கள். சித்திரை பிறந்ததும் நவமணி இரண்டு முட்டை இட்டாள். பார்க்க வந்தவர்களிடம் வெட்கமில்லாமல் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்! கொடிக்கு ஏதாவது கொண்டுவாங்க!"

சொன்னால் போதாதா? முயல் ஒரு குவியல் கொண்டுவந்தாள். அதைப் பார்த்துவிட்டுக் கௌதாரி அதைவிடப் பெரிய குவியலாகக் கொண்டுவந்தாள். வௌவால்கள் பாழ்மண்டபத்து எச்சத்தைச் சுமந்து வந்து கொட்டின. எருமை நேராக வந்து நின்றது, போட்டுவிட்டுப் போனது. யார் கொண்டுவந்தது பெரியது என்று குட்டைக் கரையில் ஒரு வாரம் பேச்சு. மரத்தைச் சுற்றிக் குவியல் குவியலாக எரு.

கொடி வாயே திறக்காமல் அவ்வளவையும் தின்றது.

முதலில் விரல் தடிமன். அப்புறம் கீரிப்பிள்ளையின் வால் தடிமன். இலை ஒவ்வொன்றும் தேக்கிலை போல விரிந்தது. கூட்டுக்கு மேலே ஒரு முழம் போனது. நுனியைக் கிள்ளச் சொல்லித் தங்கையா நினைவூட்டினான்.

"நல்லா வளர்றதைப் போய்க் கிள்ளுவாங்களா? கை வருமா உங்களுக்கு?" என்றாள் நவமணி.

கொடி மர உச்சியைத் தொட்டது. உச்சிக்கு மேலே பிடிக்க எதுவும் இல்லை. திரும்பிக் கீழே வந்தது.

கூடு இப்போது ஒரு பச்சை அறைக்குள் இருந்தது. குளுகுளுவென்று இருந்தது. வெயில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பூவும் ஒன்றுகூடப் பூக்கவில்லை. பூ இல்லாததால் தேனீ வரவில்லை. தேனீயைத் தின்னும் பஞ்சுருட்டான் குருவியும் வரவில்லை. சில்வண்டுகள்கூட அந்த மரத்தில் வாயை அடைத்துக்கொண்டன. காடு முழுக்கச் சத்தம் கேட்கும். உடைமரத்துக்குக் கீழே வந்தால் சட்டென்று நின்றுவிடும்.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!" என்றாள் நவமணி.

தங்கையாவுக்குக் கழுத்து இறகு குத்திட்டு நின்றது.

அதே மரத்தில் கீழ்க்கவட்டையில் வேலாண்டி என்ற தேவாங்கு ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தது. பகலெல்லாம் உருண்டையாகச் சுருண்டு தூங்கும். ஒரு நாள் மத்தியானம் இலைகளுக்குள்ளிருந்து அதன் குரல் மெதுவாக வந்தது.

"நவமணி... யாரது என் கையைப் பிடிச்சிருக்கிறது?"

"யாரும் இல்லையே அண்ணே! கனவா இருக்கும்."

"கனவுதான் போல. கை குளிர்ச்சியா இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் அதே நேரம். "நவமணி, இன்னிக்கு ரெண்டு கையையும் பிடிச்சிருக்காங்க."

"எழுந்து உதறிட்டுப் படுங்க அண்ணே!"

"அசதியா இருக்கும்மா. விட்டுடுவாங்க..."

மூன்றாம் நாள் குரல் வரவில்லை. நவமணி கூப்பிட்டாள். பதில் இல்லை. தங்கையா கீழே இறங்கி இலையை விலக்கிப் பார்த்தான். கவட்டையில் கொடி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. முதுகு வளைவு, மடக்கிய முழங்கால், தலையைப் பொத்திய கை, எல்லாம் அப்படியே தெரிந்தது. தேவாங்கு தூங்குகிற வடிவத்தில் ஒரு கூடை! தங்கையா அலகால் ஒரு சுற்றை இழுத்தான். உள்ளே யாரும் இல்லை.

வேலாண்டி தானே நழுவிப் போனதா, அதற்கு வேறு ஏதாவது ஆனதா என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு அந்தக் காட்டில் யாரும் வேலாண்டியைப் பார்க்கவில்லை.

தங்கையா நேராகத் தவிட்டம்மாவிடம் பறந்தான். அவள் வந்தாள். மரத்தைச் சுற்றிக் கிடந்த எருக் குவியல்களைப் பார்த்தாள். மேலே அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நாலடி பின்னால் போனாள்.

"நவமணி! நான் சொன்னது என்ன, நீ செஞ்சது என்ன? இப்பவே அடியில கடிச்சு விடறேன். இன்னும் மூணு நாள் போனா என் பல்லுக்கு அடங்காது!"

"ஐயோ வேண்டாங்க்கா!" பச்சைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இலை வாடினா வெயில் வந்துடும். மூணு நாள்ல முட்டை பொரிஞ்சிடும். அதுவரைக்கும் விடுங்க!"

"வேலாண்டியைப் பிடிச்சது உன்னைப் பிடிக்காதா?"

"நான் வளர்த்தது அக்கா! என்னை என்ன செய்யும்? பூக்காத கோபம், அவ்வளவுதான். இன்னும் ரெண்டு குவியல் போட்டா பூத்துடும். ஏங்க, எருமையைப் பார்த்துட்டு வாங்க!"

தவிட்டம்மா தங்கையாவைப் பார்த்தாள். தங்கையா தரையைப் பார்த்தான். பிறகு எருமையைத் தேடிப் போனான்.

மூன்றாம் நாள் காலை. முட்டைகளுக்குள் டொக் டொக் என்று சத்தம். உள்ளே குஞ்சுகள் இரண்டும் முட்டையோட்டைக் கொத்தத் தொடங்கிவிட்டன. அசைந்தால் எங்கே முட்டை உருண்டுவிடுமோ! நவமணி கல் மாதிரி உட்கார்ந்தாள். இறகு அசையவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை.

அசையாததைத் தேடிக்கொண்டிருந்த நுனிக்கு வேறென்ன வேண்டும்?

உச்சி வேளையில் தங்கையா தன் முறைக்கு அடை உட்கார வந்தான். புறாக் குடும்பத்தில் முறை போட்டுத்தான் உட்காருவார்கள். மரத்தைச் சுற்றி வந்தான். இன்னொரு முறை சுற்றினான். உள்ளே போக வழி இல்லை.

"நவமணி! வாசல் எங்கே?"

"குட்டைப் பக்கம்! எப்பவும் வர்ற வழிதான்!"

"குட்டைப் பக்கம் இலைதான் இருக்கு!"

"சுத்திப் பாருங்க!"

பார்த்தான். அவள் குரல் மேலிருந்து வந்தது. மேலே போனால் கீழிருந்து வந்தது. எங்கே காதை வைத்தாலும் இலை, இலைக்குப் பின்னால் இலை. அலகைப் போட்டுக் கிழித்தான். ஒன்றைக் கிழித்தால் பின்னாலிருந்து இன்னொன்று முகத்தில் வந்து படிந்தது. ஈரமாக, கனமாக.

"என்னங்க..." நவமணியின் குரல் இறங்கியிருந்தது. "என் காலை யாரோ பிடிச்சிருக்காங்க."

தங்கையா போட்ட சத்தத்தில் குட்டையே எழுந்து வந்தது. தவிட்டம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு அடித்தண்டில் வாயை வைத்தாள்.

"நவமணி! கடிக்கலாமா, வேண்டாமா? இப்பவாவது சொல்லு!"

"கடிங்கக்கா! கடிங்க!"

கடித்தாள். எரு தின்று கொழுத்த தண்டு ஈரக்கட்டை போல இருந்தது. ஒரு வழியாக அறுந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு இலைகூடத் தொங்கவில்லை.

தவிட்டம்மா குவியல் ஒன்றைக் கிளறினாள். கொடியின் கணு ஒன்று அதற்குள் புகுந்து கொத்தாக வேர் விட்டிருந்தது. அடுத்த குவியலைக் கிளறினாள். அதிலும் வேர். முயல் கொண்டுவந்ததில், கௌதாரி கொண்டுவந்ததில், வௌவால் எச்சத்தில், எருமைச் சாணத்தில், கொட்டிய இடத்தில் எல்லாம் வேர்!

"ஒரு வாய்க்கே ஊட்டாதேன்னேன். இத்தனை வாய் வச்சுட்டியேடி!" என்று அவள் அடுத்த தண்டைக் கவ்வினாள். முயல் வந்து உதவினாள். தங்கையா மண்ணைக் கீறினான். ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

மேலே நவமணி இனி உட்கார முடியாது என்று புரிந்துகொண்டாள். உதறினாள். வால் இறகுகள் கொடியின் பிடியிலேயே கழன்றன. ஒரு கால் வந்தது. மறு கால் வந்தது. அப்போதுதான் அவளுக்குக் கீழே பார்க்க முடிந்தது.

கூட்டில் பத்துக் குச்சி. பத்தையும் கொடி சுற்றியிருந்தது. ஒரு முட்டை உடைந்து கிடந்தது, அதன் பக்கத்தில் ஈரமாக, கண் திறக்காமல், ஒரு குஞ்சு தலையை ஆட்டியது. இன்னொரு முட்டையைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பச்சை உருண்டை இருந்தது. நூல்கண்டில் நூல் சுற்றியது போல, இடைவெளியே விடாமல், சுற்று மேல் சுற்று.

உருண்டைக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

"அக்கா! என் பிள்ளை உள்ளே இருக்கு! மேலே வந்து கடிங்க!"

"என் பல்லு பட்டா ஓடு நொறுங்கும்! நீதான் பிரிக்கணும். அது சுத்தின பக்கத்துக்கு எதிரா ஒவ்வொரு சுத்தாப் பிரி! அவசரப்படாதே, இறுக்கிடும்!"

நவமணி அலகால் நுனியைத் தேடி எடுத்தாள். ஒரு சுற்று பிரித்தாள். டொக். இரண்டாவது சுற்று. டொக் டொக். கீழே தவிட்டம்மா தண்டுகளை அறுத்துக்கொண்டே இருந்தாள். இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கத் தொடங்கின. வெயில் ஊசி ஊசியாக உள்ளே விழுந்தது. தங்கையா தொங்கிய இலைக்கு நடுவே தலையை நுழைத்து உள்ளே வந்தான். ஒன்றும் கேட்காமல் பிறந்த குஞ்சின் மேல் உட்கார்ந்தான்.

"எண்ணிக்கிட்டே பிரி, பதறாதே!" என்றான்.

அவள் எண்ணினாள். ஏழு. டொக். பன்னிரண்டு. டொக். பதினேழு. பிரித்த கொடி காலடியில் கிடந்து மெதுவாகத் தன் பழைய பக்கத்துக்கே வளைந்தது. அதை மிதித்துக்கொண்டு பிரித்தாள். இருபத்தொன்று. இடையில் நின்று காதை வைத்துக் கேட்டாள். டொக்.

இருபத்தாறு.

கேட்டாள். மறுபடி காதை வைத்தாள். கீழே எல்லோரும் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இன்னும் மூன்று சுற்று மிச்சம் இருந்தது. அந்த மூன்றையும் நவமணி பிரித்தாள். அவசரப்படவில்லை. முட்டை முழுசாக வெளியே வந்தது. ஓட்டின் ஓரத்தில் கடுகளவு ஓட்டை. ஓட்டைக்குள் சின்ன அலகு நுனி தெரிந்தது. அது அசையவில்லை.

சாயங்காலத்துக்குள் இலை முழுவதும் வாடியது. நாலு நாளில் கொடி காய்ந்து சருகானது. ஆனாலும் மரத்தை விடவில்லை. காய்ந்த பிறகும் அதே பக்கமாக, அதே இறுக்கத்தோடு சுற்றியே நின்றது. எரு கொண்டுவந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் எதைப் பேசுவது?

தங்கையாவும் நவமணியும் குஞ்சுக்கு முறை போட்டு நிழல் பிடித்தார்கள். இறக்கையை விரித்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்றார்கள். முதுகு காய்ந்தது. குஞ்சு காயவில்லை. அதைப் போன சித்திரையிலேயே செய்திருக்கலாம் என்று இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இருபது நாளில் குஞ்சுக்கு இறகு முளைத்தது. ஒரு காலை, வயிறு புடைக்கத் தின்றுவிட்டு அது மறுபடியும் வாயைப் பிளந்தது.

"அம்மா, இன்னும்!"

தங்கையா எழுந்தான். நவமணி அவனைத் தடுத்தாள்.

"போதும்," என்றாள் குஞ்சிடம். "பசிச்சா இறங்கி வந்து பொறுக்கு!"

குஞ்சு கத்தியது. அழுதது. கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது. நவமணி கீழே இறங்கித் தரையில் நின்று காத்திருந்தாள். மேலே போகவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் குஞ்சு காய்ந்த கொடியை ஒரு உதை உதைத்துவிட்டு, தடுமாறி, இறக்கையை அடித்து, பறந்து வந்து அவள் பக்கத்தில் விழுந்தது.

அளவுக்கு மேல் ஊட்டி வளர்த்தது எதுவும் நமக்காகப் பூக்காது. அது நம்மையே பற்றிக்கொள்ளும்.